நாலு மூலைப் பொட்டு

மூணாம் பீரியடு மணியை அடிச்சிட்டு, அடிச்ச கம்பியைக்கூடக் கீழ வெக்காம, ஏழாம் வகுப்பு சன்னலுக்கு வெளிய வராந்தாவுல செங்கமலம் உக்காந்தா. இனி நாப்பது நிமிசம். அந்த நாப்பது நிமிசத்துல உள்ள இருக்கிற ஸ்மார்ட் போர்டு ஓடணும், ஓடலைன்னா இவ வேலை ஓடிரும், கணக்கு அம்புட்டுத்தான். காலையில வாசல் தெளிச்சிட்டு நிமுந்தவளை ஹெச்.எம் அருணகிரி சார் ரூமுக்குக் கூப்பிட்டு, ரொம்பப் பொறுமையாத்தான் சொன்னாரு. "இன்னிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் மேடம் வகுப்பைப் பாக்க வாராங்க. போர்டு ஓடுச்சுன்னா சரி. ஓடலைன்னா, நீ ஈரத்துணி போட்டுத் தொடச்சதுலதான் கெட்டுச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன், ஒரு கைநாட்டு வெச்சிட்டுப் போயிரு. நாளைலருந்து வேற ஆளு வெச்சுப் பெருக்கிக்கிறோம்." சொல்லிட்டு மை டப்பாவைத் தொறந்து வேற வெச்சாரு, கல்யாண வீட்டுல சந்தனக் கிண்ணத்தை நீட்டுற மாதிரி. கைநாட்டாம்ல. செங்கமலம் இதே பள்ளிக்கூடத்துல எட்டாப்பு வரைக்கும் படிச்சவ. பெயிலு, அது வேற விசயம், அதுக்காகப் பேரு எழுத மறந்துருமா. பதினோரு வருசமா மாசா மாசம் ரிஜிஸ்தர்ல "செங்கமலம்"னு கடைசி மம்முக்குப் புள்ளி வெச்சு எழுதுறவகிட்ட மை டப்பாவை நீட்டுறாரு. அப்ப அந்த ரிஜிஸ்தரை அவரு ஒருநாளும் குனிஞ்சு பாத்ததே இல்ல. வெரலைப் பாத்தா அவருக்கு மைதான் நெனப்பு வரும்போல. வெரலு, வெரலு, எங்க போனாலும் இந்த வெரலுலதான் வந்து நிக்கிது, அந்த போர்டுக்கும் வெரலுதான் வேணும், வெரலு வெச்சாத்தான் அது பேசும். உள்ள ஜெசிந்தா டீச்சர் வெரலு வெச்சிருப்பாங்க இந்நேரம். பேசுதா பாப்போம்.

பேசலை. டீச்சர் குரலு சன்னல் வழியா வருது, வெளுத்த துணியாட்டம் வருது. "இந்த வட்டத்தை நாலு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கை இப்படி இழுத்தோம்னா…"  இழுக்கிறாங்க, வரலை. ஒரு பய கிளுக்குன்னு சிரிக்கான், ஹெச்.எம் தொண்டையைச் செருமுறாரு, சிரிப்பு அமுந்துது. "ரீஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்." ஆங், பண்ணுங்க, கரண்டை அமத்திட்டுப் போட்டா எல்லாம் சரியாகிரும்னா ஊருல பாதி வியாதி சரியாகிருக்கும். ஜெசிந்தா டீச்சர் இந்த மாதிரிக் குரல்ல பேசுற ஆளா. அந்தம்மா பாடம் எடுத்தா வராந்தாவுல பெருக்குறவ வெளக்கமாத்தை வெச்சிட்டு நிப்பா, அப்படி. பின்னக் கணக்குன்னா இடுப்புல சொருகியிருக்கிற கைக்குட்டையை உருவுவாங்க. ரெண்டா மடிச்சு "அரை", நாலா மடிச்சு "கால்", விரிச்சு ஒரு மூலையைத் தூக்கி "இப்ப மிச்சம் எம்புட்டு"ம்பாங்க, கடைசி பெஞ்சுல தூங்குறவனும் முக்கால்னுருவான். இருபத்தேழு வருசமா ஒரே கைக்குட்டையில ஊருக்கே கணக்கு சொல்லிக் குடுத்த பொம்பளையைப் பிடிச்சு, காலையில ஹெச்.எம் சொல்லியிருக்காரு, "டீச்சர், கைக்குட்டை கிட்டையெல்லாம் வெளிய வரக்கூடாது. எல்லாம் போர்டுலதான்." நீச்சல் தெரிஞ்சவளைக் கட்டிப்போட்டு ஆத்துல தள்ளி, எப்படி நீந்துறான்னு பாக்க ஒரு அதிகாரியை வேற கூட்டியாந்து உக்கார வெச்ச கதையால்ல இருக்கு. இந்தக் கம்பி கையிலதான இருக்கு. எந்திரிச்சுப் போயி தண்டவாளத் துண்டுல ஆறு அடி அடிச்சா பீரியடு முடிஞ்சுது, டீச்சர் மூச்சு விட்டுருவாங்க, கடிகாரம் தப்புன்னு சொல்லிக்கலாம். ஆனா கடிகாரம் தப்புன்னா அதுக்கும் ஒரு தாளு எழுதி மை டப்பாவைத் தொறப்பாரு. அடிச்சா டீச்சர் தப்பிப்பாங்க, போர்டு ஓடலைங்கிறது அப்படியேதான் நிக்கும், இவ பேருல நிக்கும். அடிக்கக்கூடாது. கம்பி உள்ளங்கையில வேர்த்துச்சு.

ஈரத்துணியாம். இவளா ஈரத்துணி போட்டா. அந்த போர்டை மாட்ட வந்த அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் இல்ல, ஒரு டீச்சர் இல்ல, எல்லாரும் போர்டை எப்படிப் பயன்படுத்துறதுன்னு படிக்க அஞ்சு நாள் பயிற்சிக்குப் போயிட்டாக. இங்கிட்டு போர்டு வருது, அங்கிட்டு இவுக போறாக, வழியில ரெண்டு வண்டியும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே போயிருக்கும். பயிற்சியில போர்டே இல்லையாம், ஜெசிந்தா டீச்சர் வந்து சொல்லிச் சிரிச்சாங்க. "செங்கமலம், அஞ்சு நாளும் போர்டு படம் போட்ட தாளைத்தான் காட்டுனாக. அஞ்சாம் நாளு பரீட்சை வெச்சாக. நான் நூத்துக்குத் தொண்ணூத்தாறு." மாட்ட வந்த ஆளுக்கு ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நின்னது இவதான். அவரு மேல நின்னு திருகிக்கிட்டே சொன்னாரு, சொல்ல வேற ஆளில்லாததால இவகிட்டச் சொன்னாரு, "அக்கா, கண்ணாடியைத் தண்ணி தொட்டுத் தொடைக்காதீங்க, காஞ்ச துணி போதும். முக்கியமா இந்தச் சட்டத்து உள்பக்க ஓரம் இருக்குல்ல, இதுல வரிசையாக் கண்ணு இருக்கு. நமக்குத் தெரியாது. இங்கிருந்து அங்க பாத்துக்கிட்டே இருக்கும். நடுவுல வெரலு வந்தா, ஆகா இங்க ஒரு வெரலுன்னு போர்டுக்குச் சொல்லும். அந்தக் கண்ணுல தூசி விழாமப் பாத்துக்கங்க." அம்புட்டுத்தான், அஞ்சு நிமிசம், பரீட்சை இல்ல. அன்னையிலருந்து தெனமும் காஞ்ச துணியால நாலு பக்கமும் அந்தக் கண்ணுகளைத் தொடச்சு விட்டது இவ. தனக்குப் பீளை தள்ளுனாக்கூட முந்தானையாலத் தேச்சுக்கிறவ, அதுக்குன்னு தனித்துணி வெச்சிருந்தா. ஆடி மாசம் ஒருநாள் பல்லி ஒண்ணு சட்டத்து மேலருந்து எறங்கி ஓரத்துலயே நடந்துச்சு, போர்டுல தானாக் கோடு விழுந்துச்சு, புள்ளைக பேய் எழுதுதுன்னு கத்தி வெளிய ஓடி வந்துருச்சுக, சமூக அறிவியல் சாரு புள்ளைகளுக்கு முன்னால ஓடி வந்தாரு. செங்கமலம் போயி பல்லியை வெரட்டினா, கோடு நின்னுருச்சு. அப்பத்தான் அந்தாளு சொன்னது முழுசா வெளங்குச்சு. அதுக்கு வெரலும் ஒண்ணுதான், பல்லியும் ஒண்ணுதான், எது வந்து மறிச்சாலும் வெரலுங்கும். மறிச்சது நகரலைன்னா, ஒரு வெரலு அங்கயே அமுக்கிக்கிட்டு இருக்கிறதா நெனச்சு, வேற யாரு வெரலு வெச்சாலும் காதுல வாங்காது. மாமியாக்காரி வீட்டுல இருக்கும்போது பொண்டாட்டி பேச்சு புருசன் காதுல விழாதுல்ல, அதே மாதிரி.

அப்ப எது மறிச்சுக்கிட்டு இருக்கு. அது இவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் இங்க உக்காந்து கம்பியைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கா. ஆயுத பூசையன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பீரோவுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மணியடிக்கிற தண்டவாளத்துக்கும் பொட்டு. ஸ்மார்ட் போர்டுக்கு ஹெச்.எம்மே குளிச்சு வேட்டி கட்டி வந்து, தன் கையால நாலு மூலையிலயும் சந்தனத்தை அப்புனாரு. அப்புறதுன்னா வெரலு நுனியாலத் தொட்டு வெக்கிறது இல்ல, வீட்டுக்கு நெலை வெக்கிற மாதிரி அப்பி, அது மேல குங்குமம். கொழகொழன்னு இருந்தது வழிஞ்சு, சட்டத்து உள்ஓரத்துல எறங்கி, லீவுல காஞ்சு, கல்லாப் போச்சு. நாலு மூலையிலயும் அவரு வெரலு. வெச்ச வெரலை இன்னும் எடுக்கலை. அன்னிக்குத் துணியோட கிட்டப் போனவளைப் பாத்து அவரு சொன்னாரு, மெதுவாத்தான் சொன்னாரு, மெதுவாச் சொல்றதுதான் அவருக்குப் பழக்கம், "செங்கமலம், பூசை முடியுற வரைக்கும் நீ சித்த தள்ளி நில்லேன்." ஏன்னு இவ கேக்கலை. அவரு பார்வை இவ நெத்திக்குப் போயிட்டு வந்துச்சு, பதில் அதுல இருந்துச்சு. ஜெசிந்தா டீச்சர் மட்டும் பொரிகடலையை வாயில போட்டுக்கிட்டே, "நானும் பொட்டு இல்லாதவதான் சார், நானும் தள்ளி நிக்கவா"ன்னாங்க. "நீங்க வேற டீச்சர்"ன்னு சிரிச்சாரு. டீச்சர் பொறந்ததுலருந்து பொட்டு வெச்சதில்ல, அவுக வீட்டுக்காரரு தூண் மாதிரி நல்லா இருக்காரு. இவ பதிமூணு வயசுலருந்து எட்டணா அகலத்துக்கு வெச்சா, புருசன் சோலையப்பன் நாப்பத்திரெண்டுல போயிச் சேந்துட்டான். பொட்டுக்கும் புருசனுக்கும் என்ன வயரிங்குன்னு மாட்டுனவனைத்தான் கேக்கணும்.

அவன் போன பதினாறாம் நாளு விடியக்காலம் நாத்தனா ஈரத்துணியோட வந்தா. ஈரத்துணி. அது இருந்துச்சு ஈரத்துணி, அதுக்கு யாரும் தாளு எழுதலை. ஒரு இழுப்பு, நெத்தி குளுந்துச்சு, குங்குமம் மூக்கு வழியா வழிஞ்சு உதட்டுல பட்டுச்சு, உப்பா இருந்துச்சா கசப்பா இருந்துச்சான்னு இன்னமும் ரோசனை பண்ணுறா. தொடைக்கிறதுன்னா இவளுக்குத் தொழிலு, தெனமும் பத்து ரூம்பு, முப்பது பெஞ்சு, கக்கூசு நாலு. ஆனா பொட்டைத் தொடைக்கிற கைன்னா அது நாத்தனா கைதான், இவ கை இல்ல. லீவு முடிஞ்சு வந்து போர்டு பேசலைன்னதும் இவ போயிச் சொன்னாளே, "சார், அந்த மூலையில சந்தனம் கண்ணை மறைக்குது." அவரு நிமுந்து பாத்தாரு. "சாமிக்கு வெச்சதால கெட்டுச்சுங்கிறியா. அதைப் போயித் தொடைக்கவா சொல்ற. தானா உதிருற வரைக்கும் அதுல யாரும் கை வெக்கக்கூடாது, அதுலயும் நீ." அதுலயும் நீ. அன்னிக்கே அந்த ரூம்பு சாவியை வாங்கிக்கிட்டாரு. இன்னிக்குக் காலையில அவரே தொறந்துவிட்டு, அவரே நின்னு, "தரையை மட்டும் பெருக்கு"ன்னாரு. பெருக்கினா. பெருக்கிக்கிட்டே மூலையைப் பாத்தா. அவரு நின்னதாலதான் கை போகலையா. ஒரு நிமிசம் அவரு போனு பேச வெளிய போனாருல்ல, அப்ப போயிருக்கலாம்ல, துணி இடுப்புலதான இருந்துச்சு. தூக்குன கை பாதியில நின்னுச்சே. ஏன் நின்னுச்சு. சாமி குத்தம்னா. சாமியா. சாமிக்கு ஆயிரம் கண்ணும்பாக, ஒண்ணை மறைச்சாலும் சாமிக்கே கோவம் வருமா வராதா. அதில்ல. நாத்தனா மூஞ்சி வந்துச்சு. ஈரத்துணியோட, வேண்டா வெறுப்பா இல்ல, நல்லாப் பழகுன கையா வந்த மூஞ்சி. நான் அவ இல்லைன்னு கை சொல்லிச்சு. சொல்லிட்டு நின்னுருச்சு. கைக்கு ரோசம் இருக்கலாம், ஆனா வேலை போனப்புறம் அந்த ரோசத்தை எந்த ரேசன் கடையில போயி நீட்டுறது.

போர்டுக்கு உயிர் வந்தா ஒரு மணியோசை வரும், உள்ள மறுபடியும் அது வந்துச்சு. ரெண்டாவது ரீஸ்டார்ட்டு. எட்டிப் பாத்தா. கல்வி அலுவலர், அதான் பி.இ.ஓ மேடம், பின்பெஞ்சுல உக்காந்து மடியில ஒரு டேப்லெட்டுல தட்டிக்கிட்டு இருந்தாங்க, அவுக வெரலுக்கு அது பேசுது. போர்டுல வட்டம் நிக்கிது, வலது மூலையிலருந்து செவப்பாக் கோடு தானா வந்து வட்டத்து மேல கிறுக்குது. டீச்சர் கழுத்துல வேர்வை. அவுக வெரலு கண்ணாடியை மறுபடி மறுபடி இழுத்துப் பாத்துச்சு. அந்த வெரலை இவளுக்குத் தெரியும். ஆவணி மாசம் இருதயம் துடிக்கிற படம் போட்டாங்களே, போர்டு நெறைய, லப்பு டப்புன்னு சத்தத்தோட, புள்ளைக வாயைத் தொறந்துக்கிட்டுப் பாத்துச்சுக. மூணாம் பெஞ்சு முத்தரசி மட்டும் எந்திரிச்சு, "டீச்சர், எங்கப்பாவுக்கு இதுதான் நின்னுச்சா"ன்னா. அவ அப்பன் போயி ஒரு மாசம். அந்த லப்பு டப்பு மட்டும் கேக்குது. ஜெசிந்தா டீச்சர் போர்டைத் திரும்பிக்கூடப் பாக்கலை, முத்தரசியைப் பாத்தபடியே, "செங்கமலம், அதை நிப்பாட்டு"ன்னாங்க. வாசல்ல நின்னவ ஓடிப் போயி அமுக்கினா. டீச்சர் பெஞ்சுல அவ பக்கத்துல போயி உக்காந்து, "ஆமாத்தா, இதுதான்"ன்னாங்க. பெறகு அவ கையைப் பிடிச்சு அவ நெஞ்சுலயே வெச்சு, "இது நிக்கலை பாரு, எண்ணு"ன்னாங்க. அம்பத்திரெண்டு புள்ளையும் நெஞ்சுல கை வெச்சு எண்ணுச்சு. அப்புறந்தான் "செங்கமலம், இப்பப் போடு." எங்க அமுக்கணும்கிறது இவளுக்குத் தெரியும், யாருக்கு வேணும்னாலும் ஏணியைப் பிடிச்சாத் தெரிஞ்சிரும். எப்ப அமுக்கணும், எப்ப நிப்பாட்டணும்கிறது அந்தம்மாவுக்குத்தான் தெரியும். அதை எந்தத் தாளுல போட்டு அஞ்சு நாளு காட்டுவாக. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இல்ல, சரி, ரெண்டு ஆளு ஒரே ரூம்புல இருந்தாப் போதும்ல. அந்த ஒரு ஆளைத்தான் இன்னிக்கு வெளிய உக்கார வெச்சிருக்காரு. சன்னலுக்கு இந்தப் பக்கம்.

"மூணாவது தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." ஹெச்.எம் குரலு. பண்ணட்டும். முப்பது நிமிசம் போயிருக்கும், வெயிலு தூணைத் தாண்டிருச்சு. இன்னும் பத்து நிமிசம் சும்மா உக்காந்தா, மணியடிச்சிட்டு, உள்ள போயி மையில வெரலை வெச்சிட்டு, வீட்டுக்குப் போயிரலாம். பெருவெரலைப் பாத்தா. அதுல மை அப்பி நிக்கிறதை நெனச்சா. நாலு மூலையில அவரு வெரலு, தாளுல இவ வெரலு, வெச்சவரு அவரு, பேரு இவளுக்கு. செத்த புருசனுக்கும் இவ நெத்திதான் பதில் சொல்லுச்சு, செத்த போர்டுக்கும் இவ வெரலு பதில் சொல்லணுமா. நாத்தனா மூஞ்சி மறுபடி வந்துச்சு. வாடி வா, நீ பொட்டை அழிச்சது என்னை மூலையில உக்கார வெக்கிறதுக்கு. நான் தொடைக்கப் போறது ஒருத்தியைப் பேச வெக்கிறதுக்கு. ஒரே கைதான், ஆனா போற எடம் வேற. ரெண்டும் எப்படி ஒண்ணாகும். இத்தனை நாளா இது ஏன் தோணலைன்னு தன்னையே ஒரு திட்டு திட்டிட்டு, கம்பியோடயே எந்திரிச்சா.

வாசல்ல இவளைப் பாத்ததும் ஹெச்.எம் கண்ணாலயே போங்கிறாரு. இவ கண்ணு தெரியாதவ மாதிரி உள்ள வந்தா. இடுப்பைத் தடவுனா, பெருக்கி முடிச்சு வராந்தாவைக் கழுவையில துணி நனைஞ்சு போனது அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. "டீச்சர், காஞ்ச துணி ஒண்ணு குடுங்க." டீச்சர் இடுப்புலருந்து கைக்குட்டையை உருவி, பழக்கதோசம், நாலா மடிச்சே நீட்டுனாங்க. கம்பியை மேசையில வெச்சா. ஹெச்.எம் எந்திரிச்சிட்டாரு. "செங்கமலம், அதுல கை வெக்காத." இவ கை வெச்சா. நகத்தாலச் சொரண்டி, கைக்குட்டையால அழுத்தித் தேச்சா, கீழ் மூலை ரெண்டு, பெறகு நாக்காலி போட்டு ஏறி மேல் மூலை ரெண்டு. காஞ்ச சந்தனம் பொருக்குப் பொருக்கா உதிந்து உள்ளங்கையில விழுந்துச்சு. கடைசி மூலை சுத்தமானதும் போர்டுல கிறுக்கிக்கிட்டு இருந்த செவப்புக் கோடு, யாரோ கையைப் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. நாக்காலியிலருந்து எறங்குனா. உள்ளங்கையில குங்குமமும் சந்தனமும். இதை எங்க போடுறது. தரையில போடக்கூடாது, மிதிபடும். குப்பைக்கூடையில போட மனசில்ல. அம்பத்திரெண்டு புள்ளையும் பாக்குது, பி.இ.ஓ மேடம் பாக்குறாங்க, அருணகிரி சார் பாக்குறாரு. பெருவெரலு தானாப் போச்சு. எச்சில் தொட்டுக் குழைச்சு, எட்டணா அகலத்துக்கு, நெத்தியில வெச்சா. ஏழு வருசத்துக்கப்புறம். குளுகுளுன்னு இருந்துச்சு.

"யாரு இவங்க"ன்னாங்க பி.இ.ஓ மேடம். "ஸ்வீப்பர் மேடம், படிப்பறிவில்லாத பொம்பளை, தெரியாம உள்ள…" "எட்டாப்பு மேடம், பெயிலு. இதே ரூம்புலதான் பெயிலானேன், அந்தச் சன்னலோரம்"ன்னா செங்கமலம். "போர்டுக்கு இந்தச் சட்டத்துல கண்ணு இருக்கு. சார் வெச்ச பொட்டு வழிஞ்சு நாலு மூலையிலயும் வெரலு மாதிரி மறிச்சிருந்துச்சு. ஈரத்துணி நான் போடலை. அந்தத் தாளுல கைநாட்டு வெக்க மாட்டேன் சார். கையெழுத்துப் போட வரும், அதையும் போட மாட்டேன்." மேடம் டேபை மடியில கவுத்துட்டு, ஹெச்.எம்மைப் பாத்து, "எந்தத் தாளு"ன்னாங்க.  அதுக்குள்ள ஜெசிந்தா டீச்சர் போர்டுல வெரலு வெச்சு இழுத்தாங்க, வட்டத்துலருந்து ஒரு பங்கு அலுங்காமப் பிரிஞ்சு வந்துச்சு, புள்ளைக ஆங்குன்னுச்சுக. "செங்கமலம், அப்படியே நிப்பாட்டு." அமுக்கினா, படம் நின்னுச்சு. டீச்சர் கைக்குட்டையை இவ கையிலருந்து வாங்கிப் படக்குன்னு உதறி விரிச்சாங்க. நாலு மடிப்புல ஒரு மடிப்பு மட்டும் மஞ்சளும் செவப்புமா. மிச்சம் மூணும் வெள்ளை. அதைப் போர்டுல நிக்கிற வட்டத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிச்சு, அவுக பழைய குரலு, வராந்தா வரைக்கும் கேக்கிற குரலு, "கறை படாதது எம்புட்டு"ன்னாங்க.

"செங்கமலம்"ன்னாரு அருணகிரி சார், அதே மெதுவான குரல்ல. "மணி. நேரமாச்சு, போயி அடி."

செங்கமலம் மேசையிலருந்து கம்பியை எடுத்தா. வாசல் பக்கம் போகலை, போர்டுக்குப் பக்கத்துலயே நின்னா. "இருங்க சார்"ன்னா, "புள்ளைக இன்னும் சொல்லலை."